முதுகு காட்டி வந்தது

தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், கூடத்தின் நடுவே எதுவுமே இல்லாத ஓர் இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார். கைத்தடி எதன் மேலும் பட்டுவிடக் கூடாதென்பதுபோல் அதை உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியை நிறுத்தினாள். திரும்பிப் போகும்போதும் அதே இடத்தில் அதே வளைவு.

"என்னங்க, அங்க என்ன?"

"குழந்தை நிக்குது இல்ல? இடிச்சிடக் கூடாது."

அந்த வீட்டில் குழந்தை கிடையாது. அவர்களுக்குப் பிறக்கவும் இல்லை.

அவர் முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்த சர்வேயர். பேசுவதையும் அளந்துதான் பேசுவார். அவள் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் வாயில் அவள் டீச்சர்தான்.

நரம்பு டாக்டரம்மா நோயின் பெயரை எழுதிக் காட்டினார்: லூயி பாடி டிமென்ஷியா, மறதி நோயில் ஒரு வகை. மூன்று வருடமாக அவர் தூக்கத்தில் கத்தியதும் உதைத்ததும், கையெழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்ததும், கால் தரையோடு தேய ஆரம்பித்ததும் எல்லாம் இதே நோயின் வேலைதான் என்றார்.

"ஒருநாள் தெளிவா இருப்பாரு, மறுநாள் தலைகீழா இருப்பாரு. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இல்லைன்னு வாதாடாதீங்கம்மா. பயமா இருக்கான்னு மட்டும் கேளுங்க." பிறகு ஒரு சீட்டில் சிவப்பு மையால் எழுதித் தந்தார். "ஆளை அடக்குறதுக்குப் போடுற ஊசி இவருக்கு ஆகாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதக் காட்டுங்க."

அவர் கண்ணை ஏமாற்றும் என்று அவள் பூப்போட்ட விரிப்பைச் சுருட்டி வைத்தாள். நிலைக்கண்ணாடியைப் போர்வையால் மூடினாள். பொழுது சாயும் முன்பே எல்லா விளக்குகளையும் போட்டாள். நான்கு மணி ஆனால் அவர் எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"இப்ப எங்க இருக்கு?"

"வாசப்படியிலேர்ந்து பதினோரு அடி."

மறுநாள் பன்னிரண்டரை என்றார். அதற்கடுத்த நாள் பதினாலு.

"என்ன பண்ணுது?"

"முதுகக் காட்டிட்டு நிக்குது. திரும்பாமலே பின்னாடி பின்னாடி அடி வைக்குது."

"பயமா இருக்கா?"

அவர் யோசித்தார். "இப்ப இல்ல. அது திரும்பினா இருக்கும்."

வாசற்படியிலிருந்து அவர் கட்டில் வரை இருபத்தாறு அடி. கணக்கு டீச்சருக்கு மனக்கணக்கு தானாகவே ஓடியது. வேண்டாம் என்றாலும் ஓடியது. ஒரு காலை, ஃபேன் கிறீச்சிடும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காத கூடத்தைப் பெருக்கிக்கொண்டு வந்தவள், தன் கால்களும் ஓரிடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருப்பதைத் தரையில் விட்டுப்போன தூசியில் பார்த்தாள்.

இடையில் ஒரு நல்ல நாள் வந்தது. செய்தித்தாளை முழுக்கப் படித்தார். அதிலிருந்த தப்பைச் சொல்லிச் சிரித்தார். "இது நோய்தான்னு எனக்கே புரியுது, டீச்சர்" என்றார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் அவள் தோளைத் தாண்டிப் பார்த்தார். "பத்தொன்பது" என்றார்.

அந்த வாரமே குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் கூரையைப் பார்த்துக் கத்தினார். இரண்டு பேர் பிடித்தும் அடங்கவில்லை. சீட்டு வீட்டில், வேறொரு பையில் இருந்தது. அவள் ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வருவதற்குள், புதிதாகப் பணிக்கு வந்திருந்த டாக்டர் ஊசி போட்டுவிட்டிருந்தார்.

மறதி நோய் அவருக்கு. மறந்தது அவள்.

வீடு திரும்பியவர் மரக்கட்டையாகக் கிடந்தார். பேச்சு போய்விட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தாள். புரையேறாமல் இருக்கத் தலையை உயர்த்தி, கூழாக்கியதைக் கால் கரண்டியாக ஊட்டினாள். கண்கள் மட்டும்தான் அசைந்தன. பார்த்துக்கொண்டே இருந்தன. அடிக்கணக்கு சொல்ல ஆள் இல்லாத வீட்டில், அவள் அந்தக் கண்களையே பார்த்தாள்.

திங்கட்கிழமை அறைக்கதவில் நின்றன.

செவ்வாய், அலமாரி.

புதன்கிழமை கட்டிலின் கால்மாட்டில்.

வியாழன் காலை பதினோரு மணி. ஜன்னல் நிறைய வெயில். மருந்து வாடையும் கஞ்சி வாடையும் கலந்து நின்றன. அவள் கிண்ணத்தோடு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவர் கண்கள் அந்தப் பக்கம் போயின. கட்டிலை ஒட்டி. ஒரு குழந்தையின் உயரத்தில்.

நின்றன.

பிறகு விரிந்தன. வெள்ளை முழுவதும் தெரிய.

"என்னங்க..."

மூச்சு தொண்டையில் கரகரத்தது. அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

"பயமா இருக்கா?"

ஒரு சொட்டுக் கண்ணீர் காதை நோக்கி இறங்கியது.

அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. போர்வை மேல் கிடந்த அவருடைய கையை மட்டும் பார்த்தாள். நீர் கோத்து உப்பிய கை. விரலால் அழுத்தினால் குழி விழும், அது மறைய நேரமாகும்.

புறங்கையில் ஒரு குழி விழுந்தது.

சிறியது. பயறு அளவு.

பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. நான்காவது.

அவளுடைய இரண்டு கைகளும் கிண்ணத்தைப் பிடித்திருந்தன.

குழிகள் மெல்ல மெல்ல ஆழமாகின.