நிறுத்தக் கோடு போடாத வெட்டு

காயக்கட்டைப் பிரித்ததும் கருகல் வாடை அடித்தது. அறுவை அறையிலேயே தங்கிவிட வேண்டிய வாடை அது. இத்தனை நாள் கழித்துக் கட்டுக்குள் இருக்க வழியே இல்லை. ஆனாலும் பொசுங்கிய மயிரைப்போல வயிற்றிலிருந்து மெல்ல எழுந்து, மருந்து நெடியையும் சன்னல் வழி வந்த மழையீரத்தையும் தள்ளிக்கொண்டு, நர்ஸின் தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

படுத்திருந்தவள் அவளுடைய சொந்த அக்கா. தோலைக் கத்தியால் கீறினால் சீக்கிரம் ஆறுமா, மின்சூட்டுக் கோலால் கீறினால் ஆறுமா என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கிறார். அக்காவும் சம்மதித்துத்தான் படுத்தாள். வெட்டில் கீழ்ப்பாதி கத்தி, மேல்பாதி சூடு.

"ரெண்டு விதமா அறுத்தீங்களே, எந்தப் பக்கம்டி நல்லா வெந்திருக்கு?"

"வாயை மூடிட்டுப் படு அக்கா."

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்புளுக்குச் சற்று மேலே முடிந்த வெட்டு, இப்போது நெஞ்சுக்குழியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தையலைத் தாண்டி.

வராந்தாவில் போன டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வாசலோடு நின்றார். "வீட்டு ஆளுன்னா சின்ன வெட்டும் பெருசாத்தான் தெரியும், சிஸ்டர்." போய்விட்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அறுக்குமுன் தோலில் மையால் கோடு இழுப்பது அவள் வேலை. முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு சின்னக் கோடு: இதோடு நில். எத்தனையோ உடம்பில் போட்டவள், அக்காவின் வயிற்றைப் பார்க்க மாட்டாமல் அதை மட்டும் போடாமல் விட்டுவிட்டாள். டாக்டர் பழக்கத்தில் நிறுத்திக்கொண்டார். வெட்டு நிறுத்திக்கொள்ளவில்லை.

ரீங்காரம் கேட்டது. சூட்டுக் கோலின் ரீங்காரம். கோல் மாடியில், பூட்டிய அறையில்.

தோல் பிரிந்தது. மெதுவாக. நெஞ்செலும்பின் மேல். யாரும் தொடாமல்.

"கூசுதுடி," என்றாள் அக்கா.

தங்கை மைப்பேனாவை உருவினாள். கழுத்தடியில் குறுக்கே இழுத்தாள். அழுத்தி. மறுபடியும்.

வெட்டு மை வரை வந்தது.

நின்றது.

அவள் மூச்சு விட்டாள்.

பிறகு அது இரண்டாகப் பிரிந்தது. மைக்கோட்டின் இரு முனைகளையும் சுற்றிக்கொண்டு, கழுத்தின் இருபுறமும், ஒரே வேகத்தில், தாடையேறிக் கன்னங்களில் ஊர்ந்தது. வலப்பக்கம் ரத்தம். இடப்பக்கம் புகை. அக்கா இமைக்காமல் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்; கோடுகள் இரண்டும் ஒரே நேரத்தில் அவள் கீழிமைகளைத் தொட்டன.