மைனஸ் எண்பதில் மூன்று வருடம்

காலை 9.40. ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள்: பேராசிரியர், அவரிடம் மூன்று வருடமாகத் தற்காலிக வேலை பார்க்கும் தும்பி, அவளோடு அதே வேலை பார்க்கும், கண்ணாடி என்று பட்டப்பெயர் கொண்ட பையன், எல்லோரும் லேப் அக்கா என்று கூப்பிடும் உதவியாளர், தகவல் கேட்டு வந்த பாதுகாப்பு அதிகாரி. முன்னாள் போலீஸ்காரி. அறிவியல் பத்தாம் வகுப்போடு சரி.

சூடான இன்குபேட்டரின் மேல் தும்பியின் பெட்டி. உள்ளே எண்பது சின்னக் குழாய்கள். உறைந்திருக்க வேண்டியவை உருகித் தண்ணீராகக் கிடந்தன; இனி உதவாது.

"நாளைக்கு நேர்காணல், மேடம். வேற நிறுவனத்துல ஒரே ஒரு பிஎச்.டி. இடம். இந்த மாதிரிகளைக் கொண்டுபோனாத்தான் சேர்த்துப்பாங்க. நேத்து சாயந்திரம் நானே மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர்ல வெச்சேன்."

"போட்டிக்கு யார்?"

எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

"நான் இருக்கேம்மா," என்று தும்பியிடம் சொல்லிவிட்டுப் பேராசிரியர் தன் அறைக்குப் போனார்.

9.50. அதிகாரி ஃப்ரீசரைத் திறந்தார். கண்ணாடியின் பெட்டி கல்லாக உறைந்திருந்தது. சாத்தினார். இன்னொரு முறை பார்க்கலாமென்று இழுத்தார். கதவு அசையவில்லை.

"மல்லுக்கட்டாதீங்க மேடம்," என்றார் லேப் அக்கா. "சாத்தினதும் உள்ள காத்து சுருங்கிக் கதவைக் கவ்விக்கும். ரெண்டு மூணு நிமிஷம் யார் இழுத்தாலும் வராது."

10.05. கண்ணாடி.

"எப்ப வந்தே?"

"ஒன்பதுக்கு."

"அவ போகலைன்னா அந்த இடம் உனக்கு."

"ஆமா. அதுக்காக? ஒரே டப்பாவுல சாப்பிடறவங்க மேடம் நாங்க."

10.15. பேராசிரியரின் அறை.

"எட்டரைக்கு வந்தேன். ஃப்ரீசரைத் திறந்து வேண்டியதை எடுத்துட்டுச் சாத்தினேன். சாத்தின கையோட ஒரு சந்தேகம், தும்பி பெட்டி பத்திரமா இருக்கான்னு. உடனே திறந்து பார்த்தேன். இருந்தது. இங்க வந்துட்டேன். அந்தப் பையன் ஒன்பதுக்குத்தானே வந்தான்?"

"உடனேன்னா?"

"அஞ்சு நொடி."

"கொஞ்சம் வாங்க சார்."

10.30. ஃப்ரீசர் முன்னால் எல்லோரும்.

"திறந்து சாத்துங்க. ம். இப்ப மறுபடி திறங்க."

பேராசிரியர் இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். லேப் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தினம் திறக்கிறவங்க யாரும் இந்தப் பொய்யைச் சொல்ல மாட்டாங்க," என்றார் அதிகாரி. "இன்னிக்குக் காலையைத் தவிர, சார் இதைத் தொட்டுப் பல வருஷம் ஆச்சு. காலையில ஒரே தடவைதான் திறந்தார், பெட்டியை வெளிய எடுக்க. பழி ஒன்பது மணிக்கு வந்தவன் தலையில விழணும்னு ரெண்டாவது தடவையைச் சேர்த்துக்கிட்டார்."

தும்பி அவர் பக்கம் திரும்பினாள். "பரிந்துரைக் கடிதம் நீங்கதானே சார் எழுதினீங்க? என்னை மாதிரி இன்னொரு ஆள் கிடைக்காதுன்னு?"

"அதான்ம்மா." அவர் கை இன்னும் கைப்பிடியிலேயே இருந்தது. "கிடைக்காது. நீ போயிட்டா என் ப்ராஜெக்டை யார் முடிப்பா?"

தும்பி அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாதிரி இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவர்.

கண்ணாடி தரையைப் பார்த்தபடி கேட்டான்: "அப்ப... நாளைக்கு நான் போகலாமா?"

"எல்லாரும் வெளிய," என்றார் அதிகாரி.

தும்பி கடைசியாகப் போனாள். கோட்டைக் கழற்றி மேசைமேல் போட்டாள், யாரையும் பார்க்கவில்லை. அவள் பின்னாலேயே அதிகாரி கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.