கட்டாமல் விட்ட முடிச்சு

ரோசலின் மெட்ராஸ் கிளைக்குப் போய்விட்டாள் என்றார்கள். அவளுடைய செருப்பு மட்டும் போகவில்லை.

கம்ப்யூட்டர் அறைக்குத் தூசி ஆகாது. எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அங்கிருந்த மர அலமாரியில், யாரும் செருப்பு வைக்காத மேல்தட்டில், அறுந்த வாருக்கு ஊக்கு குத்திய அந்த நீலச் செருப்பைப் பார்த்ததிலிருந்து அம்பிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்திலேயே அசோக்குமாருடைய செருப்பு. அவனும் மெட்ராஸ்தானாம். அட, மெட்ராஸுக்கு வெறுங்காலோடா போவார்கள்?

யாரிடம் கேட்பது? அவர்கள் வேலை பார்த்தது, சேலைக்கு டிசைன் போடுகிற கம்ப்யூட்டர் புரோகிராம் செய்யும் கம்பெனியில். திண்டுக்கல்லில் ஒரு பழைய பூட்டுக் கிடங்கில் நாலு பேரோடு தொடங்கி, கிடுகிடுவென்று வளர்ந்து, இப்போது உட்கார நாற்காலி இல்லை. புது முகங்கள் வந்துகொண்டே இருந்தால் போனவர்களை யார் நினைப்பார்கள்? நன்றாக வரைகிறவர்களை முதலாளி ஜெரோம் உள்ளறைக்குக் கூப்பிடுவார். "உங்க கைய மிஷினு படிக்கணும்" என்பார். அதற்கப்புறம் மெட்ராஸ்தான்.

அம்பிகாவின் பயமெல்லாம் தங்கை சௌந்தர்யாவை நினைத்துத்தான். அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்ததே அம்பிகாதான்.

சின்னாளப்பட்டியில் அவர்கள் வீடு சுங்குடி முடிச்சுக் கட்டுகிற வீடு. சாயத்தில் தோய்த்து அவிழ்த்தால் முடிச்சு விழுந்த இடமெல்லாம் புள்ளி, புள்ளிகள் சேர்ந்தால் பூ. கண்பட்டுவிடக் கூடாதென்று ஒவ்வொரு பூவிலும் ஒரே ஒரு முடிச்சைக் கட்டாமல் விடுவார்கள். ஒவ்வொருத்திக்கும் ஓரிடம். சௌந்தர்யா இடது ஓரத்தில் விடுவாள். அம்பிகாவுக்குப் பூவின் நட்டநடு. கம்ப்யூட்டரில் புள்ளி வைக்கும்போது அம்பிகா உஷாராக எல்லாவற்றையும் நிரப்பிவிடுவாள். சௌந்தர்யா அப்படியா? அவள் கை தன்னால் அந்த இடத்தைத் தாண்டிவிடும். ஜெரோம் முதலில் அதைத் தப்பு என்று திட்டினார். பிறகு கிட்டே வந்து நின்று ரசிக்க ஆரம்பித்தார். அந்த ரசிப்பு அம்பிகாவுக்குப் பிடிக்கவே இல்லை.

"ஏடி, உள்ளறைக்குக் கூப்பிட்டா தலவலின்னு சொல்லிரு."

"போக்கா! உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம். மெட்ராஸ் போக யாருக்காச்சும் கசக்குமா?"

அதிலிருந்து தங்கையை விட்டு அவள் நகரவில்லை. ஐப்பசி மழை கொட்டிய ஒரு மத்தியானம், ஜெரோம் அம்பிகாவைத் துணி சாம்பிள் வாங்கிவரக் கடைவீதிக்கு அனுப்பினார். முதலாளி சொல்லை எப்படித் தட்டுவது? ஓட்டமும் நடையுமாகத் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சௌந்தர்யாவின் செருப்பு மேல்தட்டில் இருந்தது.

"சடையாண்டிண்ணே, இத யாரு மேல வச்சது?"

காவலாளி சடையாண்டி தலை நிமிரவில்லை. "அந்தப் பிள்ள மெட்ராசுக்குப் போயிருச்சு தாயி."

"எந்த வாசல் வழியா போனா? இருக்கறதே இது ஒண்ணுதானே?"

அவர் குரல் இறங்கியது. "நீ வீட்டுக்குப் போ தாயி. செருப்பக் கழட்டாம, இப்படியே திரும்பிப் போயிரு."

தங்கையை விட்டுவிட்டா? அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். பழக்க தோஷம் யாரை விட்டது! கால் தன்னால் செருப்பை உதறிவிட்டது.

உள்ளறைக் கதவு திறந்தே கிடந்தது. தரை பனிக்கட்டியாகச் சில்லிட்டது. காலையில் சௌந்தர்யா வைத்துக்கொண்டு வந்த மரிக்கொழுந்தின் வாசம் அந்தக் குளிரில் அப்படியே நின்றது. நாற்காலி காலியாக இருந்தது.

"சௌந்தர்யா... ஏடி..."

கரண்ட் போனது. விளக்கு அணைந்தது. ஏ.சி.யின் உறுமல் அடங்கியது.

பிரிண்டர் மட்டும் நிற்கவில்லை.

கிர்ர்... கிர்ர்... தாள் நகர்ந்து வந்தது. ஜன்னலின் மழை வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு சுங்குடிப் பூ. இடது ஓரத்தில் ஒரு புள்ளி இல்லை.

அம்பிகாவுக்கு அழுகை பொங்கியது. தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கைதான். என் தங்கச்சி கைதான்.

கிர்ர்... கிர்ர்...

அடுத்த பூ. இடது ஓரத்தில் புள்ளி இல்லை.

நட்டநடுவிலும் இல்லை.

அம்பிகா விடும் அந்த இடம் இங்கே யாருக்கும் தெரியாது. சௌந்தர்யாவைத் தவிர.

அம்பிகா கதவுப் பக்கம் திரும்பினாள். வாசல் பக்கம் ஒரு சத்தம். ஈரச் செருப்பு ஒன்றை மேல்தட்டில் யாரோ மெதுவாக வைத்தார்கள். பிறகு, அதன் ஜோடியையும்.