ஐந்தாவது குரல்

எண்ணிக்கை கடைசிவரை சரியாகவே இருந்தது. தப்பு அங்கேதான்.

போனவர்கள் ஐந்து பேர். ஒன்று, ஓய்வுபெற்ற நில அளவையாளர். கழுத்தில் தொங்கிய பைனாகுலரைத் தூங்கும்போதாவது கழற்றுவாரா என்பது சந்தேகம். இரண்டும் மூன்றும், கல்யாணமாகிப் பதினெட்டு நாளான ஜோடி. நான்கு, அக்கா. ஐந்து, அவள் தம்பி. கூட்டிப்போன காவல்காரர் தன்னைக் கணக்கில் சேர்க்கவில்லை. எண்ணுகிறவருக்கு எண் கிடையாது.

"எங்க போனாலும் நான் இவளுக்கு அடுத்துதான்," என்றான் புது மாப்பிள்ளை.

"நம்பர் கிடைச்சதே பெரிசுன்னு இருங்க," என்றாள் அவள்.

அக்கா சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை. மனைவி செத்த நாளிலிருந்து எட்டு மாதமாக அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. தொண்டையில் கோளாறு இல்லை, மனசு இறங்கி வரும்போது பேசுவான், அன்றைக்கு ஆர்ப்பாட்டம் பண்ணிவிடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவன் குரலைக் கேட்காமலே போய்விடுவேன் போலிருக்கிறது என்று அம்மா படுக்கையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள். தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் நாலு நாள் விடுப்பு சொல்லிவிட்டு, அக்கா அவனை இந்தச் சின்னக் கடலோர ஊருக்குக் கையோடு இழுத்து வந்திருந்தாள். அலையாத்திக் காடு, பறவைகள், பழைய கட்டடங்கள். எதையாவது பார்த்து "அங்க பாரு" என்று சொல்லமாட்டானா என்றுதான்.

கழிமுகத்தின் நடுவே மணல்திட்டில் நின்றது அந்தக் கட்டடம். ஒரு காலத்தில் காய்ச்சலோடு கப்பலில் வந்து இறங்கியவர்களை நாற்பது நாள் அடைத்துவைத்த இடம். இப்போது வௌவால்களுக்குச் சொந்தம். குட்டி போட்டிருக்கும் பருவம். வெளிச்சம் பட்டால் தாய்கள் பதறிப் பறக்கும், குட்டிகள் தரையில் விழுந்து சாகும். அதனால் ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். டார்ச் கூடாது. கைப்பேசிகள் படகிலிருந்த பெட்டியில். நுழைய ஒரு முனை, வெளியேற மறு முனை. இரண்டு முனையிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டைக் கதவுகள், அவற்றுக்கு நடுவே ஆள் நிற்க ஓர் இருட்டு அறை. உள்கதவைப் பூட்டாமல் வெளிக்கதவைத் திறக்கமாட்டார்கள். சுவரோரம் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி மூன்று கூடங்களைக் கடக்க வேண்டும். முகம் தெரியாத இடத்தில் குரலைத்தான் எண்ண முடியும். ஒவ்வொரு கூடத்தின் முடிவிலும் காவல்காரர் கேட்பார், அவரவர் தன் எண்ணைச் சொல்ல வேண்டும்.

தம்பி பேசமாட்டான் என்று அக்கா அவரிடம் தணிந்த குரலில் சொன்னாள். பரவாயில்லை, கை தட்டட்டும் என்றார் அவர்.

முதல் கூடத்தில் இருட்டு, ஈரச் சாக்கைப் போல முகத்தில் வந்து ஒட்டியது. சுண்ணாம்பு உளுத்த வாடை, வௌவால் எச்சத்தின் காரம், அவற்றுக்கும் அடியில் வெகுநாள் காயாத கம்பளியின் நாற்றம். தலைக்கு மேலே ஆயிரம் சின்ன உடல்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றையொன்று நக்கும் ஓசை, யாரோ ஓயாமல் காகிதம் கிழிப்பதுபோல் கேட்டது. இங்கே இரும்புக் கட்டில்கள் இருந்தன, காய்ச்சல்காரர்களைத் தினமும் மூன்று வேளை எண்ணுவார்கள் என்று காவல்காரர் முன்னால் சொல்லிக்கொண்டே போனார். அப்புறம் எண்ணச் சொன்னார்.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

பின்னாலிருந்து ஒரு கைத்தட்டல்.

இரண்டாம் கூடத்தில் தரை கொஞ்சம் இறங்கியது. கல் வழுக்கியது. அளவையாளர் கால் இடறி, தன் சர்வீஸில் இப்படி ஒரு கோணல் தரையைப் பார்த்ததில்லை என்று முணுமுணுத்தார். கயிறு ஈரமாகிக்கொண்டே வந்தது. பின்னால் தம்பியின் காலடி கேட்கிறதா என்று அக்கா காது கொடுத்தாள். கேட்டது, ஆனால் செருப்புக் காலாக இல்லை. கழற்றிவிட்டான் போலிருக்கிறது, வழுக்குகிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

"அஞ்சு."

அவன் குரல். சொல்லின் முடிவில் லேசாகக் கரகரக்கும் அதே குரல். முன்னாலிருந்த புதுப்பெண் கணவனைத் தாண்டி அக்காவின் கையைத் தேடிப் பிடித்து, "அக்கா, பேசிட்டார்," என்று கிசுகிசுத்தாள். அக்கா திரும்பவில்லை. தொடவில்லை. ஆர்ப்பாட்டம் பண்ணக்கூடாது. இருட்டில் அவள் கன்னம் நனைந்தது. படகிலேயே அம்மாவுக்குப் போன் போட வேண்டும்.

மூன்றாம் கூடத்தில் வௌவால்களே இல்லை. மேலே எந்தச் சத்தமும் இல்லை. இவ்வளவு பெரிய கட்டடத்தில் இந்தக் கூடத்துக்கு மட்டும் அவை ஏன் வருவதில்லை என்று மாப்பிள்ளை கேட்டான். தெரியவில்லை என்றார் காவல்காரர். எண்ணச் சொன்னார், கொஞ்சம் அவசரமாக.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

"அஞ்சு."

அது அடங்கிய பிறகு, வெகு தூரத்தில், முதல் கூடத்திலிருந்து, ஒரு கைத்தட்டல்.

"பழைய கட்டடம்மா, எதிரொலிக்கும்," என்றார் காவல்காரர்.

இங்கே யாரும் தட்டவில்லையே. எதன் எதிரொலி? அக்கா கயிற்றின்மேல் கையைப் பின்னால் நகர்த்தினாள். விரல்கள் பட்டன. சில்லென்று, ஊறிப்போன விரல்கள். அவை நகரவில்லை. அவளுடைய கைக்காகவே காத்திருந்ததுபோல் கிடந்தன.

கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயா, என் தம்பி வரல."

"இப்பத்தானேம்மா குரல் குடுத்தார்."

"அது அவன் இல்ல."

காவல்காரர் பொறுமையாகச் சொன்னார்: நீர் வடிந்துகொண்டிருக்கிறது, படகு தரை தட்டினால் நாளை காலைவரை கிளம்ப முடியாது, வெளியே வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டே உள்கதவைத் திறந்து மற்றவர்களை நடு அறைக்குள் அனுப்பினார். நியாயமான மனிதர். வெளியே போய்ப் பார்த்தால் எது நிற்கும் என்று அவளால் நினைக்க முடியவில்லை. அதற்குள் இந்தக் கதவு பூட்டியிருக்கும். கத்திக் கூப்பிட அவனுக்குக் குரல் கிடையாது.

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். அது அவளைக் கடந்து போனது. கம்பளி நாற்றம். வெறும் காலின் ஈரச் சப்தம். பொறுமையாக, வரிசையில் நிற்கப் பழகியதைப்போல.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கோணல் தரை. வழுக்கல். முழங்கால் கல்லில் மோதியது. எழுந்தாள். மேலே மறுபடி காகிதம் கிழிந்தது.

"டேய், எங்கடா இருக்க? அக்காதான். ஏதாவது தட்டு."

மிக அருகில், தாழ்வாக, ஒரு கைத்தட்டல். குனிந்தாள். சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உலர்ந்த சட்டை. சூடான கழுத்து. அவன்தான்.

"எழுந்திரு. அக்கா வந்துட்டேன்ல. வா."

அவன் இரண்டு கையாலும் அவள் வாயைப் பொத்தினான். பல் உதட்டில் அழுந்தும் அளவுக்கு. தலையை இல்லை இல்லை என்று ஆட்டுவது அவள் நெற்றியில் இடித்தது. பேசாதே. பேசாதே.

மூன்றாம் கூடத்துக்கு அப்பால் காவல்காரர் எண்ணச் சொன்னார்.

"ஒண்ணு," என்றார் அளவையாளர்.

"ரெண்டு."

"மூணு."

அவள் தம்பியின் கையைப் பிய்த்து எறிந்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். கத்தினாள்.

காற்றுதான் வந்தது. வெறும் காற்று. மறுபடி. காற்று.

"நாலு," என்றது அவளுடைய குரல், அங்கே, கதவுக்கு அந்தப் பக்கம். தெளிவாக. கொஞ்சம் சந்தோஷமாகவும்.

"அஞ்சு."

"அப்பாடா, சேர்ந்துட்டீங்களாம்மா," என்றார் காவல்காரர். புதுப்பெண் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அக்கா கைகளைத் தட்டினாள். தம்பியும் தட்டினான். இரண்டு பேரும் உள்ளங்கை எரிய எரியத் தட்டினார்கள். மேலே ஆயிரம் சிறகுகள் ஒரே சமயத்தில் விரிந்து அந்தச் சத்தத்தை மூடின.

உள்கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.