குண்டு விலகும் இடம்

முதலில் வித்தியாசமாகப் பட்டது சத்தம்தான். துப்பாக்கியின் விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விரியும் உதறல் தோளில் வந்து இடிக்கும். அடுத்த கணமே, பத்து மீட்டர் தள்ளிப் பின்னறைச் சுவரோரம் இருக்கும் இரும்புப் பெட்டியில் குண்டு 'டணக்' என்று மோத வேண்டும். மோதத்தான் செய்தது. ஆனால் கொஞ்சம் தாமதமாக. ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை, அதில் பாதிதான். பதினோரு வருஷமாக எடை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பெரியவளின் காதுக்கு அந்தப் பாதி மூச்சே உறுத்தியது.

தங்கையிடம் அதைச் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கெனவே போதுமான கவலை இருந்தது. புது ஏர் ரைபிள் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம். ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. போன வருஷம் இரவல் துப்பாக்கியோடு போய் ஒரே ஒரு புள்ளியில் கோட்டை விட்டுவிட்டாள். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இந்தத் துப்பாக்கியிலோ ஐந்து குண்டு போட்டால் மூன்று கறுப்பு வட்டத்துக்குள் விழும், மீதி இரண்டும் மூன்று விரற்கடை இடப்பக்கம் ஓடிவிடும்.

"நான்தான் இழுக்கறேன்க்கா. கை நடுங்குது போல," என்றாள் சின்னவள் அன்று இரவு, அழுகையை அடக்கிக்கொண்டு.

"உன் கையைத்தானே பாத்துட்டு இருந்தேன்? கல்லு மாதிரி இருந்துது. துப்பாக்கிலதான் ஏதோ கோளாறு. நாளைக்கு லீவு போட்டுட்டு உக்காந்து பாக்கறேன். நீ போய்த் தூங்குடி, சின்னது."

அம்மா போன பிறகு அந்த வீட்டில் இருவர்தான். முன்கூடம், நீளமான நடை, பின்னறை. எல்லாக் கதவுகளும் ஒரே கோட்டில். திறந்து வைத்தால் அளந்தாற்போலப் பத்து மீட்டர். இந்த வீட்டைக் கட்டினவன் பொண்டாட்டிகிட்ட தூரத்துல நின்னே பேசியிருப்பான் என்று சின்னவள் கேலி செய்வாள். பின்கதவு குண்டு மோதும் பெட்டிக்குப் பக்கத்திலேயே திறக்கும் என்பதால், அதை உள்ளே தாழ் போடாமல் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்பது அவர்களுக்குள் கட்டளை.

மறுநாள் சின்னவள் மருந்துக்கடை வேலைக்குப் போனதும் பெரியவள் தாழ் போட்டாள். காலையிலிருந்தே மழை. ஜன்னலே இல்லாத நடையில், நண்பகலிலும் இரண்டு முனைகளில் மட்டும் சாம்பல் வெளிச்சம்; நடுவில் பழைய துணியின் நிறத்தில் ஒரு மங்கல்.

வேலையை ஒழுங்காகச் செய்தாள். கட்டையையும் இரும்பையும் சேர்க்கும் முன்பக்கத் திருகுகள் இரண்டும் அரைச் சுற்று தளர்ந்திருந்தன, முறுக்கினாள். ஸ்கோப் ஒவ்வொரு உதறலுக்கும் மயிரிழை பின்னால் நகர்ந்திருந்தது, தள்ளி, இறுக்கினாள். புதுத் துப்பாக்கிக் குழலில் எண்ணெய் மிச்சமிருந்தால் அது எரிந்து குண்டின் வேகத்தைக் கெடுக்கும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைத்தாள். குண்டுகளைச் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, ஒரே எடையுள்ளவற்றைப் பிரித்தாள். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் அது கோபித்துக்கொள்ளும். மடித்த கம்பளியின் மேல் உள்ளங்கையை விரித்து, பூனையைத் தாங்குவதுபோல் தாங்கிக்கொண்டாள்.

மூன்று குண்டுகள். மூன்றும் ஒரே ஓட்டை. வாய்விட்டுச் சிரித்தாள்.

நாலாவது இடப்பக்கம் போனது.

ஐந்தாவது இன்னும் இடப்பக்கம்.

விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இங்க நானே சுட்டுப் பாத்துதான்மா குடுத்தேன். பத்தும் ஒரே ஓட்டை. எல்லாம் ஒரே பக்கமாவா போகுது?"

"ஆமா சார். இடப்பக்கம் மட்டும்."

"அப்ப துப்பாக்கியில இல்லம்மா. வழியில எதுலயோ உரசுது. திரைத்துணி, கயிறு ஏதாவது... ஒண்ணு செய்யுங்க. மெல்லிசான தாளை ஒரு மீட்டருக்கு ஒண்ணாத் தொங்கவிட்டுச் சுடுங்க. எந்தத் தாள்ல ஓட்டை விலகுதோ, அதுக்கு முன்னாடிதான் எதுவோ இருக்கு."

எடை இயந்திரங்களைச் சுற்றி அனுப்பும் மெல்லிய வெள்ளைத் தாள் ஒரு சுருள் வீட்டில் இருந்தது. நடையின் குறுக்கே நூல் கட்டி, மீட்டருக்கு ஒன்றாக எட்டுத் தாள்களைத் தொங்கவிட்டாள். ஓரமாக ஒருக்களித்துப் போக இடம். எட்டாவதை மட்டும் பின்னறைக் கதவு நிலையின் அகலத்துக்கு விரித்து டேப் ஒட்டினாள், முழங்கால்வரை தொங்கியது. மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. தாள்கள் அசையாமல் நின்றன.

சுட்டாள். போய்ப் பார்த்தாள். ஆறாவது தாள்வரை ஓட்டைகள் ஒரே நேர்கோடு. ஏழாவதில் மூன்று விரற்கடை விலகல். ஆக, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். அங்கே நின்று காற்றைக் கையால் துழாவினாள். நூல் இல்லை, சிலந்தி வலைகூட இல்லை. நெடுநாள் பூட்டிய பெட்டியைத் திறந்தாற்போல், ஈரம் உலராத துணியின் புளித்த வாடை மட்டும் அந்த ஒரு முழ இடத்தில் இருந்தது. ஓரடி தள்ளினால் இல்லை.

மழைதான், என்று சொல்லிக்கொண்டாள்.

பழைய ஓட்டைகளைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு மறுபடி சுட்டாள். இந்த முறை ஆறாவது தாளிலேயே விலகல். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்.

தவறாக வட்டமிட்டிருப்பாள். மூன்றாம் முறை சுட்டாள். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்.

தாள்களுக்கு நடுவில் நின்றபோதுதான் அவளுக்கு அது புரிந்தது. கோளாறு என்றால் ஒரே இடத்தில் இருக்கும். ஆட்டம் காட்டும் திருகானாலும், தேய்ந்த முள்ளானாலும், கண்டுபிடிக்கும்வரை அங்கேயே இருக்கும். நகராது. இது ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு மீட்டர் நகர்கிறது. அவள் பக்கம். நெஞ்சு உயரத்தில் வரும் குண்டை, ஈயை ஓட்டுவதுபோல், எதுவோ ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு நடந்து வருகிறது.

அந்த வாடை இப்போது அவள் தோளருகே இருந்தது.

சுவரில் முதுகைத் தேய்த்தபடி கூடத்துக்குத் திரும்பினாள். துப்பாக்கியைத் தொடவில்லை. மேசைக்குப் பின்னால் நின்றாள். மழை ஓட்டில் விழும் இரைச்சல். சுவர்க்கடிகாரம்.

மூன்றாவது தாள் உப்பியது.

காற்றில் அலைவதுபோல் அல்ல. நடுவில் மட்டும். பின்னாலிருந்து யாரோ முகத்தை வைத்து மெல்ல அழுத்துவதுபோல். நெற்றி. மூக்கு இருக்க வேண்டிய இடம். அதற்குக் கீழே ஒரு குழி, தாளை உள்ளே இழுத்து, விட்டு, இழுத்து.

அவள் கத்தவில்லை. கத்தினால் அதற்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது. எது தெரிந்துவிடும் என்று தெரியவில்லை.

அப்போது பின்கதவைத் தட்டும் சத்தம்.

"அக்கா! திற! முதலாளி சீக்கிரமே விட்டுட்டாரு. தொப்பலா நனைஞ்சிட்டேன்!"

தாள் சட்டென்று சமமானது.

நாலாவது தாள் உப்பியது. இந்த முறை அந்தப் பக்கமாக. பிறகு ஐந்தாவது.

"வராதே!" பெரியவளின் குரல் கீச்சென்று வந்தது. "முன்பக்கமா வா! சின்னது, முன்பக்கமா வாடி!"

ஆறாவது.

"என்னக்கா? மழையில ஒண்ணும் கேக்கல!"

ஏழாவது. எட்டாவது தாள் ஒரு முறை துடித்து நின்றது. பின்னறையில் ஈரத் தரையில் எதையோ இழுக்கும் ஓசை. பிறகு, எண்ணெய் காணாத தாழ்ப்பாள் விலகும் சத்தம். அந்தச் சத்தத்தை அவள் தினமும் கேட்பவள். உள்ளேயிருந்து இழுத்தால் மட்டும் வரும் சத்தம்.

கதவு திறந்தது. மழை ஒரு கணம் உரக்கக் கேட்டது.

"தேங்க்ஸ்க்கா," என்றாள் சின்னவள். "ஏன் இருட்டுல நிக்கறே?"

கதவு சாத்தப்பட்டது. தாழ் விழுந்தது.

"அக்கா... கை ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்கு?"

பெரியவள் ஓடினாள். முதல் தாள் முகத்தில் கிழிந்தது. இரண்டாவது. மூன்றாவது ஈரமாக இருந்தது. கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. நூல்கள் கழுத்தில் சிக்கின. "அது நான் இல்லடி! நான் இல்ல!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். நாலு. ஐந்து. வாயில் தாள். ஆறு. ஏழு.

எட்டாவதன் முன் நின்றுவிட்டாள்.

உள்ளே சத்தமே இல்லை. வெள்ளைத் தாள் நிலை முழுவதும் விரிந்து, அசையாமல், முழங்கால் உயரம்வரை தொங்கியது. அதைக் கிழிக்கக் கையைத் தூக்கினாள். கை போகவில்லை.

"சின்னது?"

சொட்டு. சொட்டு.

குனிந்து பார்த்தாள். தாளின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே தங்கையின் நீலக் காலணிகள் தெரிந்தன. நனைந்திருந்தன. நுனியிலிருந்து மழைத் தண்ணீர் வடிந்தது. வடிந்து, கொஞ்ச தூரம் விழுந்து, பிறகுதான் தரையில் பட்டது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், எதையும் மிதிக்காமல், அந்தக் காலணிகள் மெதுவாக, மிக மெதுவாக, அவள் பக்கம் திரும்பின.