நாற்பத்தொரு வரி

வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. அணைக்கவே முடியாது என்பதால். அம்மாவின் குடைக் கடையில், பேரம் பேசும் சத்தத்தையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவள். வாய் குறைவாக இருந்திருந்தால்தான் அதிசயம்.

அவளுடைய சிநேகிதன் பெயர் கத்திரி. காகிதமும் கத்திரிக்கோலும் இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. அவனுக்குக் காது கேட்காது. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவான். பதிலைக் காகிதத் துண்டில் எழுதி நீட்டுவான்.

அவர்களுடைய ஆறாம் வகுப்பு ஆறு நிமிடப் படம் ஒன்று எடுத்தது. அதில் நடித்ததெல்லாம் கத்திரி வெட்டிய காகிதப் பொம்மைகள். கஞ்சக் கரடி ஒன்று ஓட்டைக் குடைக்குப் பேரம் பேசும் கதை. குரல் கொடுத்தவர்கள் எழுதி வைத்ததை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசியிருந்தார்கள். அதுதான் வயிறு வலிக்கச் சிரிப்பு மூட்டியது.

பொம்மைகளுக்கு ஏது உதட்டசைவு? அதனால் ரேடியோ தன் வீட்டுக் கணினியில் நாற்பத்தொரு வசனங்களையும் தட்டச்சு செய்தாள். படம் ஓட ஓட, கீழே ஒவ்வொரு வரியாக வந்தது.

கத்திரி இன்னும் பார்க்கவில்லை. 'எல்லாரோடயும் சேர்ந்துதான் பார்ப்பேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். வகுப்பே சிரித்து முடித்த பிறகு, மற்றவர்களின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பது அவன் வழக்கம். இன்று அப்படி ஆகக் கூடாது.

மதியச் சாப்பாடு முடிந்து மணி அடித்ததும் படம். அதற்கு முன்பே பள்ளி அரங்கத்துக்கு ஓடி, அங்கிருந்த கணினியில் ரேடியோ படத்தைப் போட்டுப் பார்த்தாள். கரடி வந்தது. குடை வந்தது. எழுத்து வரவில்லை.

"சார், வசனத்தைக் காணோம்!"

கணினி சார் குனிந்து பார்த்தார். "உங்க வீட்டு இயங்குதளம் வேற, இது வேறம்மா. படம் ஓட்டுற பிளேயர் ஒண்ணுதான். ஆனா வசனக் கோப்பைச் சேர்க்கிற வசதி இந்தப் பதிப்புல இல்ல."

"பேரும் அதே, படமும் அதே. ஒரே பெயர்ப் பலகையை மாட்டிட்டு இந்தக் கடையில பாதிச் சரக்குதான் வச்சிருக்காங்களா?"

"அப்படித்தான்னு வச்சுக்கோயேன்."

"வேற பிளேயர் ஏத்தலாமா?"

"புதுசா எதுவும் ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு. கத்திரிக்கு அப்புறமா உங்க வீட்டுல போட்டுக் காட்டேன்."

"அப்புறமா தனியா உட்கார்ந்து சிரிக்கவா சார் அத்தனை பொம்மை வெட்டினான்?"

சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"மணி அடிச்ச பிறகு எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க சார்."

"பத்தா? ஹாலே நிரம்பியிருக்கும். ரெண்டு."

"எட்டு."

"மூணு. அவ்வளவுதான்."

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். அஞ்சு!"

"அஞ்சு. தொலை!"

அவளுக்கு வேண்டியதே ஐந்துதான்.

வசனக் கோப்பைத் தனியாகத் திறந்து, படத்தின் மேல் வைத்தாள். படத்தைத் தொட்டதும் வசனம் பின்னால் ஒளிந்தது. வீட்டுக் கணினியில் எந்தச் சாளரத்தையும் 'எப்போதும் மேலே' நிறுத்தி வைக்க ஒரு வசதி உண்டு. இங்கே அதுவும் இல்லை.

"சரி, மேலே வேண்டாம். பக்கத்துப் பக்கத்துக் கடையா இருங்க" என்று திரையிடம் சொன்னாள்.

படத்தைச் சுருக்கி மேல்பாதியில் வைத்தாள். கீழே வசனக் கோப்பு. ஒரே ஒரு வரி தெரியும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினாள். வரிகளுக்கு நடுவே இருந்த நேர எண்களை ஒவ்வொன்றாக அழித்தாள். மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. அவள் தலை நிமிரவில்லை. முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது...

"நேரமாச்சு" என்றார் சார்.

"ஆரம்பிங்க சார்" என்றாள் ரேடியோ. நாற்பத்தொன்றும் முடிந்திருந்தது.

விளக்குகள் அணைந்தன. புரொஜெக்டர் வழியே சுவரில் கரடி வந்தது. அது பேசப் பேச, ரேடியோ விசைப்பலகையில் கீழ் அம்புக்குறியைத் தட்டினாள். ஒரு தட்டுக்கு ஒரு வரி.

"என்ன ரேடியோ, சத்தமே காணோம், கரண்ட் போயிடுச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவன் சீண்டினான். அவள் திரும்பவே இல்லை.

கரடி குடையைத் தூக்கிப் பார்த்தது. "ஓட்டை இருக்கே, விலையைக் குறை!" என்றது.

அடுத்த பதில் ரேடியோவுக்கு மனப்பாடம். ஆர்வத்தில் விரல் ஒரு நொடி முந்திக்கொண்டது. கடைக்காரப் பொம்மை பேசுவதற்குள் சுவரில் வரி வந்துவிட்டது:

'ஓட்டை இலவசம்தான் ஐயா. அதைச் சுத்தி இருக்கிற துணிக்குத்தான் விலை!'

எல்லோரும் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அமைதியில், முதல் பெஞ்சிலிருந்து ஒரே ஒரு சிரிப்பு வெடித்தது. கத்திரி! அரங்கமே அவனைத் திரும்பிப் பார்த்தது. பிறகுதான் கடைக்காரர் பேசினார். கூரை அதிரச் சிரிப்பு எழுந்தது.

படம் முடிந்ததும் கத்திரி ஓடி வந்து ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினான். ரேடியோ விளக்கடியில் பிடித்துப் படித்தாள்.

'இவங்களுக்கெல்லாம் ஏன் இவ்வளவு லேட்டா சிரிப்பு வருது?'