பலாமரத்தடியில் உறைந்த மண்

“அங்க மண்ணு எதையும் உள்ள வச்சுக்காது, ஜெஸ்லி. உறைஞ்சு வீங்கி, பொதைஞ்ச கல்லக்கூட கொஞ்சங்கொஞ்சமா மேல தள்ளிரும்.”

“அப்ப செத்தவங்க?”

“பெட்டியோட எந்திரிச்சு வருவாங்க. என்ன, பயந்து பேடிச்சுப் போனியா?”

“சாப்பிடுறப்ப பேசுற பேச்சப் பாரு!” என்று ஜெஸ்லின் கணவன் விஜினின் தட்டில் இன்னோர் ஆப்பத்தைப் போட்டாள்.

மறுநாள் விஜின் தூந்திரத்துக்குக் கிளம்பினான். ஒவ்வொரு ஜூனிலும் கரமனையில் இருக்கும் வீட்டிலிருந்து இப்படித்தான் புறப்படுவான். தூந்திரம், மரம் முளைக்காத வடதுருவச் சமவெளி. கணுக்கால் உயரமே வளரும் வில்லோப் புதர், பாறையில் படரும் பாசி, அவசர அவசரமாகப் பூத்து மடியும் செடிகள். அவற்றை ஆராய்வது அவன் வேலை. பெட்டி அடுக்கிக் கொடுக்கும்போதெல்லாம் ஜெஸ்லினுக்குத் தொண்டைவரை ஒரு வார்த்தை வரும். வேலைக்குப் போகிறவரிடம் கேட்கிற விஷயமா என்று விழுங்கிவிடுவாள்.

அந்தத் தடவை, பனி உருகிப் பெருகிய ஆறு அவனைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. பல மாதம் கழித்து, கரையில் அவன் கழற்றி வைத்திருந்த பூட்ஸ் மட்டும் பார்சலில் வந்தது.

“செத்தவன் செருப்ப வீட்டுக்குள்ள வைக்கப்படாது, மைனி,” என்றாள் விஜினின் தங்கை லிபி.

அடக்கம் செய்ய வேறொன்றும் இல்லை. ஜெபம் சொல்லி, கொல்லைப் பலாமரத்தடியில் அதைப் புதைத்தார்கள். பூட்ஸின் அடியில் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணைக் கழுவ யாருக்கும் மனம் வரவில்லை.

ஒரு வாரத்தில் பூட்ஸ் மேலே கிடந்தது.

நாய் தோண்டியிருக்கும் என்று நினைத்து, ஜெஸ்லின் இன்னும் ஆழமாகப் புதைத்தாள். மறுபடியும் வந்தது. மேலே கருங்கல்லைப் புரட்டி வைத்தாள். கல் ஒருபக்கம் சாய்ந்துகிடக்க, பூட்ஸ் வெளியே இருந்தது.

சித்திரை வெயில் கொளுத்தும் பகலில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டாள். ணங்கென்றது. மண்ணுக்குள் வெள்ளையாகப் பனிக்கட்டி.

மண்வெட்டியை வீசியெறிந்தாள். உயிரோடிருந்தபோது வீடு தங்காத மனுஷன்! இப்போது போகச் சொன்னால் போக மாட்டேன் என்கிறார்.

சாயங்காலம் லிபி வந்து பார்த்தாள். குழிக்குள் விரல் வைத்தவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“மதி, மைனி, போதும். எங்கூட பழவங்காடி வீட்டுக்கு வந்துருங்க. துணியெல்லாம் எடுத்து வைங்க. நான் ஆட்டோ கூட்டிட்டு வாறேன்.”

“தோண்டித் தோண்டிக் கையெல்லாம் கொப்புளம், லிபி. உங்க அண்ணன் என்னைக்காவது நான் சொன்னதக் கேட்டிருக்காரா?”

“கொள்ளாம், நல்லாருக்கு! செத்த ஆளு கூடயுமா சண்ட?”

லிபி போனபின் ஜெஸ்லின் பெட்டியை அடுக்கினாள். தெருவில் விளக்குகள் எரிந்தன. முன்வாசலில் இருட்டிவிட்டது.

கொல்லையில் மட்டும் வெளிச்சம் குறையவே இல்லை.

சமையலறை ஜன்னல் வழியே, சாய்ந்த மஞ்சள் வெயில் தரையில் கிடந்தது. கோடையில் தூந்திரத்தில் சூரியன் மறைவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஈரப் பாசியின் வாசனை வந்தது.

டிக்.

விஜின் அனுப்பிய வீடியோக்களில், துருவ மான்கள் நடக்கும்போது கால்கள் இப்படித்தான் சொடுக்கும்.

டிக். டிக்.

பெட்டியோடு போய்க் கொல்லைக் கதவைத் திறந்தாள்.

பலாமரம் இல்லை. மதில் இல்லை. கண்ணெட்டும் தூரம்வரை பாசி. பஞ்சுத் தலைப் புற்கள் காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றன.

படியருகே பூட்ஸ், முன்பக்கம் சமவெளியைப் பார்த்து நின்றது. யாரோ கால் நுழைப்பதுபோல் அதன் தோல் மெல்லப் புடைத்தது.

“மைனி! ஆட்டோ நிக்குது! வரலியா?” வாசலில் லிபியின் குரல்.

பூட்ஸ் ஓரடி முன்னே வைத்தது.

இன்னோர் அடி.

இந்தத் தடவையும் திரும்பிப் பார்க்காமல் கிளம்புகிறார். ஜெஸ்லினுக்குப் பயத்தை மீறிக்கொண்டு ஆத்திரம் பொங்கியது. பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். காலடியில் மண் சில்லிட்டது.

“சேட்டா, நில்லுங்க,” என்றாள். “என்னையும் கூட்டிட்டுப் போங்க.”